மரியதாஸ் வாத்தியாரின் தேர்தல் புத்தகங்கள்

மலேசியாவுக்குப் போய் வருகிறவர்கள் நைலான் புடவை, தைலம், டார்ச் லைட் என்று கொண்டு வருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போனது புத்தகம் எடுத்து வர. அதுவும் தேர்தல் பற்றிய ஆய்வுப் புத்தகங்கள். பினாங்குத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நான்கு புடவைகளும் ஒரு பொட்டலம் ஊறுகாயும் மட்டும் இருப்பதைப் பார்த்து, "எல்லோரும் நிரப்பிக்கொண்டு வருவார்கள், நீ காலியாகக் கொண்டு வருகிறாயே" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நிரப்பிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடல் கடந்து போன தமிழர்கள் அங்கங்கே தேர்தலில் எப்படிப் பங்கெடுக்கிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. எங்கள் நூலகத்தில் அதற்கு உதவக்கூடிய நூல் ஒன்றுகூடக் கிடையாது. என் நெறியாளர்தான் மரியதாஸைப் பற்றிச் சொன்னார். கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில் சரித்திர ஆசிரியராக இருந்தவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தேர்தல் பற்றி எங்கே எந்த ஆய்வு நூல் வந்தாலும் வரவழைத்துச் சேர்த்தவர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, அதை முடிக்காமலே மாரடைப்பில் போய்விட்டார்.

"அவர் மனைவி புத்தகங்களைக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறார். நீங்களே போய்ப் பொறுக்கி எடுங்கள். ஒரு பெட்டிதான் கொண்டுவர முடியும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் நெறியாளர்.

நான் போய்ச் சேர்ந்த வாரம் அங்கே பொதுத் தேர்தல். ஊர் முழுக்கக் கொடிகள், மழையில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் போல ஒலிபெருக்கி இல்லை, சுவரில் எழுத்து இல்லை. யாரோ இறந்த வீட்டுத் தெருவில் தோரணம் கட்டியது போல ஒரு அமைதி.

மரியதாஸின் மனைவி பிலோமினா, ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி, பலகை வீட்டின் வாசலில் குடையோடு நின்றிருந்தார்.

"வாங்க டீச்சர். பசியாறிட்டீங்களா?"

மத்தியானம் மூன்று மணி. ஆயிற்று என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, எப்படியும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த ஊரில் பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் என்பதும், நேரம் கெட்டு வந்தவளிடம் பழக்கத்தில் கேட்டுவிட்டார் என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. அன்று மாலை நான் விழுங்கிய கோப்பியும் நான்கு பிஸ்கட்டும் இன்னும் நினைவிருக்கின்றன.

வீட்டின் முன்னறையில் கூரையைத் தொடும் ஓர் அலமாரி. அதில் இடம் போதாமல் கட்டிலுக்கு அடியிலும், தையல் மிஷின் மேலும் புத்தகங்கள். துத்தநாகக் கூரை ஒழுகும் இடங்களில் புத்தகங்களின் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இல்லாத பிலோமினா அக்கா ஜித்ராவில் இருக்கும் தங்கையிடம் போகப்போகிறார். தங்கை வீட்டில் இவருக்கு ஒரு பாய் விரிக்கும் இடம்தான். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலும் கேட்டுப் பார்த்தாராம். அலமாரி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஆக, நான் எடுக்காத புத்தகத்தை யாரும் எடுக்கப்போவதில்லை.

மறுநாள் காலை தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வாழையிலையில் மடித்துக் கொடுத்தார். நாசி லெமாக். காதர் பாய் என்பவரின் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் இதைக் கட்டிக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. எங்கள் ஊரில் காலையில் சுடுசோறு தின்றால் சீக்காளி என்பார்கள். எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எடுப்பவை, சந்தேகமானவை, விடுபவை என்று மூன்று அடுக்குகள். இந்தியாவில் எங்காவது கிடைக்கும் என்றால் விடு. தொகுதிவாரியான அட்டவணையும் வரைபடமும் இருந்தால் எடு. வாக்காளர்களைப் பேட்டி கண்டு எழுதியதென்றால் எடு. தலைவர்களின் பெருமை பேசினால் விடு. இப்படிச் சில விதிகளை வைத்துக்கொண்டேன். குடியுரிமைச் சட்டம், பதிவு விதிகள் பற்றிய தடித்த நூல்கள் ஒரு வரிசை இருந்தன. அவை தேர்தல் ஆகாது என்று முதலிலேயே விடுபவற்றில் போட்டேன்.

மரியதாஸ் படித்த புத்தகங்களில் ஓரமெல்லாம் பென்சில். ஆசிரியர்களோடு சண்டை போட்டிருக்கிறார். "தவறு. அன்று நான் அங்கே இருந்தேன்" என்று ஓரிடத்தில். "இவர் தோட்டத்துக்குள் வந்தாரா, வாசலோடு திரும்பினாரா?" என்று இன்னொரு இடத்தில். நேரில் பார்த்திருந்தால் எனக்குப் பிடித்துப் போயிருக்கும் மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் விடுபவற்றில் ஒன்றைப் போடும்போதெல்லாம் பிலோமினா அக்கா அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்ப வைத்தார்.

"இது வேணாமா டீச்சர்?"

"திருச்சியிலேயே கிடைக்கும் அக்கா."

"அப்படியா. இத வாங்குன மாசம்தான் கூரை மாத்தறதா இருந்துச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் போலச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இருவரும் எழுந்து பிளாஸ்டிக்கை இழுத்து மூடினோம்.

நல்ல புத்தகங்கள் கொஞ்சம் புக்கிட் செலம்பாவ் பக்கம் தோட்டத்தில் வேலை செய்யும் தன் அண்ணன் அந்தோணி வீட்டில் இருக்கின்றன என்றும், கூரை ஒழுகுகிறதே என்று மரியதாஸ்தான் அங்கே பத்திரமாக வைத்தார் என்றும் சொன்னார். மூன்றாம் நாள் இருவரும் பஸ் ஏறினோம்.

பாதி வழியில் போலீஸ் சோதனை. தேர்தல் சமயம் என்பதால் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு இளம் போலீஸ்காரர் ஏறி, ஒவ்வொருவராக ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் நீட்டியது நீலம். நான் என் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். பிலோமினா அக்கா மணிபர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டை சிவப்பு. போலீஸ்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். "எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய்?" என்று மலாயில் கேட்டார்.

"பிறந்ததே இங்கேதான், துவான்" என்றார் அக்கா, மலாயிலேயே.

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அவ்வளவுதான். ஒரு கடுமையான சொல் இல்லை. ஆனால் பஸ்ஸில் எல்லோரும் எங்களைப் பார்த்திருந்தார்கள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் ஜெராய் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது.

சிவப்பு அட்டை என்றால் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன்.

தோட்டத்தில் பாதியைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டு வரிசையில் பல கதவுகளில் பூட்டு. அந்தோணி அண்ணன் பால் வெட்டிவிட்டு வந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். மனைவி இறந்து தனியாக இருக்கிறவர். மாதா படத்துக்குக் கீழே அந்த மரப்பெட்டி. மேலே ஒரு தூசி இல்லை. ஜெபமாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மூடியைத் திறந்தார்.

மேலே ஒரு அடுக்கு நன்றாக இருந்தது. அதைத் தூக்கியதும் கீழே வெறும் மண். கரையான் அடிப்பலகையைத் துளைத்து ஏறிப் புத்தகங்களின் வயிற்றைத் தின்றிருந்தது. அட்டைகள் இருந்தன, நடுவே தாள் இல்லை. நான் தொட்ட ஒன்று கையிலேயே உதிர்ந்தது. முதுகில் இருந்த தலைப்பைப் பார்த்தேன். நான் மூன்று வருஷமாகத் தேடிய நூல். எனக்கு வாய்விட்டுக் கத்தலாம் போல இருந்தது.

அந்தோணி அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

"வாரா வாரம் தொடச்சேன் டீச்சர். மாதாவுக்குக் கீழதானே வெச்சிருக்கோம்னு இருந்துட்டேன். அடியில வரும்னு தெரியலியே. மச்சான் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

மச்சான் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"விடுண்ணே. நம்ம வூட்டுல இருந்தா மழ தின்னிருக்கும்" என்று சொல்லிவிட்டு பிலோமினா அக்கா தரையில் உட்கார்ந்து, உயிரோடிருக்கும் பக்கங்களைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்தேன். முடிவில் பன்னிரண்டு பதிமூன்று புத்தகங்கள் தேறின.

அந்தோணி அண்ணன் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது கேட்டார்.

"எங்கப்பா முசிறிப் பக்கம்னு சொல்வாரு. எந்த ஊருன்னு தெரியாது. எனக்கும் சிவப்பு ஐசிதான். தோட்டத்த வித்துட்டா வேல பெர்மிட்டும் போயிரும். அங்க போனா எனக்கு ஓட்டு உண்டா டீச்சர்?"

உடனே கிடைக்காது என்றேன். அங்கேயும் குடியுரிமை வேண்டும், அதற்குத் தகப்பனார் பிறந்த அத்தாட்சி வேண்டும் என்று விளக்கினேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் இல்ல" என்றார். பஸ் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்கிறவர் போல.

திரும்பும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி எஞ்சினைத் திட்டினார். மழை தூறியது. சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. புத்தக மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் உட்கார்ந்தோம். அவராகவே பேசினார்.

"அவரு கல்யாணத்துக்கு முன்னயே நீல ஐசி எடுத்துட்டாரு. அப்புறம் தோட்டம் தோட்டமாப் போயி ஆளுங்களுக்கு குடியுரிமை பாரம் எழுதிக் குடுத்தாரு. எத்தன பேரு இன்னிக்கு அவர் பேரச் சொல்லி ஓட்டுப் போடுறாங்க. வூட்டுக்கு வந்து, 'பிலோ, ஒனக்கு அடுத்த மாசம் எழுதலாம்'பாரு. எனக்கு சூராட் பெரானாக் கெடையாது. சுங்கை லாலாங் தோட்டத்துல பொறந்தேன், யாரும் பதியல."

பிறப்புச் சான்றிதழைத்தான் அப்படிச் சொன்னார்.

"ரெண்டு சாட்சி புடிச்சி, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். ஒரு நாள் வேல லா டீச்சர். அந்த ஒரு நாளு அவருக்கு வரவே இல்ல. அப்புறம் சட்டம் இறுகிப் போச்சு."

"பிறகு முயற்சி செய்யவில்லையா அக்கா?"

"மூணு தடவ அலோர்ஸ்டார் ஆபீஸ்ல கூப்புட்டாங்க. மலாய்ல கேள்வி கேப்பாங்க. பாசார்ல நான் மலாய் பேசாத நாளா? ஆனா அங்க போயி நாக்காலில ஒக்காந்தா வாய் தொறக்க மாட்டேங்குது. மூணு தடவையும் பெயில்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. மூணாவது தடவ திரும்பி வந்தோம்ல, அந்த மாசம்தான் அந்தப் பெரிய அலமாரிய வாங்குனாரு."

பஸ் உயிர் பெறவில்லை. ஒட்டுப்பால் ஏற்றிப் போன ஒரு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. காய்ந்த ரப்பர்ப் பாலின் நாற்றம் எப்படியிருக்கும் என்று சொன்னால் புரியாது. புத்தகங்களிலும் என் புடவையிலும் அது ஏறிக்கொண்டது. திருச்சியில் மூன்று முறை துவைத்தும் புடவையிலிருந்து போகவில்லை.

அன்று மாலை என் மூன்று அடுக்குகளையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் விதிகள் எல்லாம் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு தொடங்குகிறவை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நூலிலும் பட்டியலுக்கு வெளியே நின்றவர்களைத் தேடினேன். பெரும்பாலானவற்றில் முன்னுரையில் ஒரு வரி, அடிக்குறிப்பில் ஒரு வரி. பலவற்றில் அதுவும் இல்லை. ஒதுக்கி வைத்த குடியுரிமைச் சட்ட நூல்களைப் பிரித்தேன். மரியதாஸ் எல்லாவற்றையும் வாங்கியிருந்தார். ஆனால் அந்த வரிசையில் ஒரு பக்கத்தில்கூடப் பென்சில் கோடு இல்லை. சிலவற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன.

அவற்றை எடுப்பவற்றில் வைத்தேன். இடம் போதாமல், அழகான வரைபடங்கள் கொண்ட இரண்டு பெரிய நூல்களை விட வேண்டியிருந்தது. அவற்றை விட்டதில் இன்றுவரை எனக்கு வருத்தம் உண்டு.

நான்காம் நாள் வாக்குப்பதிவு. காலையிலேயே பெட்டியை மூடிவிட்டேன். மீதியைக் காதர் பாய் தன் கடை மாடியில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். சில வருஷங்கள் கழித்து அவர் எனக்குத் தெரிவித்த செய்திகள் இரண்டு. அந்த மாடியைப் புதுப்பித்தபோது புத்தகங்கள் எங்கேயோ போய்விட்டன. பிலோமினா அக்கா ஜித்ராவில் காலமாகிவிட்டார். நான்காவது முறை கூப்பிட்டார்களா என்று கேட்டு எழுதினேன். அது பற்றித் தனக்குத் தெரியாது என்றார் பாய்.

அன்றைய நாளுக்கு வருகிறேன். விடுமுறை என்பதால் சந்து முழுக்க நல்ல உடுப்பில் ஆட்கள். கட்சிக்காரர்களின் கார்கள் வந்து வந்து ஏற்றிப் போயின. பெண்கள் போகும் வழியில் பிள்ளைகளைப் பிலோமினா அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தமிழ்ப் பிள்ளைகள், இரண்டு மலாய்ப் பிள்ளைகள், ஒரு சீனக் கைக்குழந்தை. வீடு கூச்சலாயிற்று. அக்கா கஞ்சி காய்ச்சி ஒவ்வொரு வாய்க்கும் ஊட்டினார்.

நான் காதர் பாயோடு பள்ளிக்கூடத்தில் இருந்த வாக்குச்சாவடிவரை போனேன். வெளியே கயிற்றோடு நிறுத்திவிட்டார்கள். பாய் உள்ளே போய் உடனே திரும்பி வந்தார்.

"முடிஞ்சிச்சு டீச்சர். பென்சில எடுத்து ஒரு கோடு. இதுக்கா அந்த மனுசன் அத்தன புஸ்தகம் வாங்குனாரு?"

நான் திரும்பியபோது, புதிதாகக் குடிவந்த ஒரு பெண் தன் மகனைக் கூட்டிப் போக வந்திருந்தாள். "அக்கா, நீங்க இன்னும் போவலியா? கட்சிக் காடி வேணும்னா வந்து ஏத்திக்கச் சொல்றேன்" என்றாள்.

"நான் அப்புறமா போறேன் லா. வெயில் தாழட்டும்" என்றார் பிலோமினா அக்கா.

அவள் போனதும் என் முகத்தைப் பார்க்காமல், "புதுசு. தெரியாது" என்றார்.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு அவர் முகம் கழுவி, தலை சீவி, பச்சைக் கரை போட்ட ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். மணிபர்ஸும் குடையும் எடுத்துக்கொண்டார். எங்கே என்று கேட்டேன்.

"சும்மா, கூட வாங்க டீச்சர்."

சந்தில் எல்லோரும் பார்க்க நடந்தோம். பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பி, அதன் வேலியைத் தாண்டி, பின்புறமாகப் போய் மாதா கோயிலுக்குள் நுழைந்தோம். உள்ளே ஒருவரும் இல்லை. பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா அக்கா?"

"அவரு இருக்கும்போதே. சாவடி சாவடியாப் போயி எழுதிக்கிட்டு வருவாரு. நான் இங்க வந்து கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போவேன். அவருக்குத் தெரியும். கேக்க மாட்டாரு."

மேலே காற்றாடி ஓடவில்லை. புழுக்கமாக இருந்தது. குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க ஒங்க ஊர்ல போட்டிருக்கீங்கல்ல? உள்ள எப்படி இருக்கும் டீச்சர்?"

அத்தனை வருஷம் தேர்தலைப் படித்திருக்கிறேன், பாடம் நடத்தியிருக்கிறேன். யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வரிசையில் நிற்பதைச் சொன்னேன். பெயரைக் கூப்பிடுவார்கள், விரலில் மை வைப்பார்கள், ஒரு சீட்டுத் தருவார்கள் என்றேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு மறைப்புக்குப் பின்னால் போக வேண்டும்.

"கூட யாரு வருவாங்க?"

"யாரும் வரக் கூடாது. நாம மட்டும்தான்."

"புருசன்கூட?"

"புருஷன் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது அக்கா. சட்டம்."

அவர் அதைப் பற்றி யோசித்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வந்ததிலிருந்து நான் பார்த்திராத ஒரு முகம்.

"நல்லாத்தான் இருக்கும்போல" என்றார்.

எழுந்து வெளியே வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. சந்து முனையில் அந்தப் புதிய பெண் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போட்டாச்சா அக்கா? கூட்டமா?"

பிலோமினா அக்கா நடையை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"கூட்டமெல்லாம் இல்ல லா. உள்ள நான் மட்டும்தான் இருந்தேன்."